காற்று போகும் வழி

கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் காலடியில் நின்றபடியே அண்ணன் சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றினான்.

"நிக்கவே முடியல. இதுக்குள்ளதான் தூங்கியிருக்காரு மனுஷன்."

அந்த வீட்டுக்கு வரைபடம் போட்டவள் அவன் தங்கை. வெயில் தாக்கும் மேற்கில் மாடிப்படியும் சாமான் அறையும். கடலைப் பார்த்துத் தாழ்வான ஜன்னல்கள். சூடான காற்று மேலேறி வெளியே போக, கூரையை ஒட்டி வரிசையாக வெண்டிலேட்டர்கள். ஏசி வேண்டாமென்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான்.

"ஒரே ஒரு ஏசி. நான் வாங்கித் தரேன்னு தலைகீழா நின்னேன். உன் காத்து எங்க போச்சு இன்னிக்கு?"

"தூக்கத்துலயே ஹார்ட்டு நின்னுடுச்சுன்னு டாக்டர் சொன்னாரில்லடா" என்றார் சித்தப்பா, செருப்புப் பெட்டியின் மூடியால் விசிறிக்கொண்டே.

"இந்த வெக்கையில நிக்காம என்ன செய்யும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூரையோரம் வெளிச்சமே இல்லை. மாடிப்படியில் பாதி ஏறிக் கை நீட்டினாள். முதல் துவாரத்தில் திணித்த துண்டு. அடுத்ததில் தலையணை உறை. அதற்கடுத்ததில் அப்பாவின் பழைய பனியன். ஒரு துவாரம் மிச்சமில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

அம்மா பின்னாலேயே ஏறி வந்திருந்தாள்.

"யாரும்மா அடைச்சது?"

"கத்தாதே. அப்பாதான்."

"ஏன்?"

"குளிருதுன்னுதான்."

"நேத்து மட்டுமா?"

"குடிவந்த வருஷத்துலேர்ந்தே. ராத்திரியானா எனக்கும் காலு வெறைச்சுப் போகும். படுக்கறதுக்கு முன்னாடி அடைப்பாரு, காலையில எழுந்ததும் எடுத்துடுவாரு. நீ வர்ற அன்னிக்கு அடைக்கவே மாட்டாரு. 'பாப்பாகிட்ட சொல்லித் தொலைக்காதே, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா'ம்பாரு."

அவள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து?"

"நேத்து முழுப் போர்வையும் அவர்கிட்டதான். இழுத்துப் பார்த்தேன், விடலை." அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்குத்தான் எடுக்க ஆளில்லை."

அவள் படியில் உட்கார்ந்தாள். இழுத்துப் பிடித்திருந்த மூச்சு மெல்ல இறங்கியது. சிறிது நேரம் கழித்து எழுந்து, அடைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவினாள். அம்மா மடியில் வாங்கிக்கொண்டாள்.

கீழே விசிறிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சித்தப்பா பெட்டி மூடியைத் தரையில் வைத்தார். அப்பாவின் மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரம் எழுந்து அடங்கியது.

அண்ணன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். பிறகு பித்தான்களைப் போட்டுக்கொள்ளத் தொடங்கினான்.