ஒரு சாண் சுவர்

1
இந்தக் கதை ஒரு கடுங்காப்பியில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். 1974இல் தூத்துக்குடிக் கடற்கரைத் தெரு ஒன்றில் விலாசம் கேட்க ஓர் ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். உள்சுவரில் ஒரு தோணி வரைந்திருந்தது, ஏறக்குறைய கூரையைத் தொட்டபடி. அதன் கீழே அழித்த தோணிகளின் தடங்கள். ஏன் என்று கேட்டேன். வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தாள், காரணம் சொல்லவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம், அவளுக்கு வைத்த ஹில்டா என்ற பெயர் உட்பட, என் கைச்சரக்கு.

2
‘ஹில்டாவின் விரல்களில் கடலின் கவிதை...’

(அடித்துவிட்டேன். ஹில்டா இதைப் படித்தால், “எம் வெரல்ல கரிதான் இருக்கு அண்ணாச்சி” என்பாள்.)

மறுபடி. ஹில்டாவின் கணவன் மரியான், கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போகும் தோணியின் தண்டல், அதாவது தோணித் தலைவன். கடலில் கெட்டிக்காரன். கரையில், நல்ல தண்ணீருக்கு* அலைய அலுத்துப்போய், கடல் தண்ணீரிலேயே சுண்ணாம்பு குழைத்துச் சுவர் பூசினான். ஆறே மாதத்தில் உப்புப் பூத்தது. பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நடுவில் தரையிலிருந்து கூரைவரை ஒரு வெடிப்பு. “போய்ட்டு வந்து பூசுதேன்” என்று பாய் விரித்துப் போய்விட்டான்.

(*ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் ஒரு குடத்தோடு தெருக்குழாயில் நின்று பார்க்கவும்.)

மாதா திருவிழாவுக்கு விருந்தாட்கள் வருவார்கள். ஹில்டா சுவரை முறைத்துப் பார்த்தாள். பிறகு கரியை எடுத்தாள். வெடிப்பு பாய்மரம் ஆயிற்று, மஞ்சள் கறை பாய் ஆயிற்று. அடியில் உதிர்ந்த இடமெல்லாம், துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துப் பூசியதும் கடலாகிவிட்டது.

அடுத்த வீட்டு மரியசெல்விக்குப் பொறாமை. “எங்க சொவரும் உப்பித்தான் இருக்கு. அதுல என்னத்த வரைய?”

“ஏளா, உப்பியிருந்தா ஒம் மாமியாவ வரஞ்சிரு.”

3
(இங்கே கதை சிரிப்பை நிறுத்திக்கொள்கிறது, என்னைக் கேட்காமலே.)

மரியான் வர வேண்டிய நாள் கடந்தது. காற்று சரியில்லை என்றார்கள். அந்த வாரம் சுவரில் ஓதம் மேலேறி, தோணியின் அடிப்பலகை பொருக்குவிட்டது. ஹில்டா மறுபடி கரியை எடுத்தாள். தோணியை அழித்து ஒரு சாண் மேலே வரைந்தாள். மூன்றாம் நாள் அங்கேயும் உதிர்ந்தது. மறுபடி மேலே. “அழகுக்குத்தான்” என்று மரியசெல்வியிடம் சொன்னாள். பயம்தான், வேறென்ன. பெஞ்சின்மேல் ஸ்டூல் போட்டு ஏறும் நிலை வந்தபோது, கூரைக்கு ஒரு சாண் சுவர்தான் மிச்சம்.

4
முடிவு ஒன்று: மரியான் வந்து நிற்கிறான். அண்ணாந்து பார்க்கிறான்.

“ஏளா, தோணி ஏன் மோட்டுல நிக்கி?”

“நீங்க கொழச்ச கடலு. நீங்க வாரவரைக்கும் ஏறிச்சு.”

எனக்கே இனிப்பு கொஞ்சம் தூக்கல்.

முடிவு இரண்டு: ‘பதினைந்தாம் நாள் துறைமுகத்திலிருந்து இரண்டு பேர், வாசலில் வந்து நின்று...’

(“அத எழுதாதிய அண்ணாச்சி.” ஸ்டூலின் மேலிருந்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். எழுதவில்லை.)

5
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று காப்பியைக் குடித்துவிட்டு, அந்த வீட்டுக் கொடியில் ஆண்பிள்ளை இடுப்பில் கட்டும் சாரம் காய்கிறதா என்று பார்க்காமலே வந்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு இருக்கக்கூடாத அசட்டை.

நீங்கள் போனால் முதலில் கொடியைப் பாருங்கள். சாரம் கிடந்தால் முதல் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள், இனிப்போடு. கிடக்காவிட்டால் ஒன்றும் கேட்க வேண்டாம். ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் இன்னும் ஒரு சாண் ஏற வேண்டியிருக்கிறது.