கத்தரீனா குடி

இருபத்தெட்டு வருடமாகத் தான் வாழும் வீட்டில் யோகராசா ஒரு சிறுபான்மை. மட்டக்களப்புப் பக்கத்தில் குடி என்பது தாய்வழிக் குலம், பிள்ளைகளுக்குத் தாயின் குடிதான். வீடும் பெண்ணுக்குத்தான் சீதனமாக வரும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேர வேண்டியவர். யோகராசாவும் அப்படித்தான் செட்டிபாளையத்துக்கு வந்து சேர்ந்தார். மனைவி யசோதினியும் ஒரே மகள் நிருஷாவும் நீலப்போடி குடி. அவர் வேறு குடி. வீட்டில் எந்த விஷயத்துக்கு வாக்கெடுத்தாலும் இரண்டுக்கு ஒன்றுதான்.

யசோதினிக்குக் குடிப்பெருமை கொஞ்சம் அதிகம். கிரானிலுள்ள அவர்களுடைய கோயில் சடங்கில் நீலப்போடி குடிக்கென்று ஒரு நாள் உண்டு. அன்று பூசைப் பொருட்கள் நிறைந்த மடைப்பெட்டியைத் தலையில் ஏந்தி, பெண்களின் வரிசையில் முதலாவதாக நடப்பவள் அவள்தான். இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு வருடம் காய்ச்சலோடு நடந்து, கோயில் வாசலில் பெட்டியை இறக்கிய பிறகுதான் மயங்கி விழுந்தாள்.

இந்தக் குடிக்குள் ஒரு வெள்ளைக்காரனும் இருந்தான். யோஹான் பெக்கர் என்ற ஜேர்மன்காரன், நூற்றுநாற்பது வருடத்துக்கு முன்பு விவசாயம் செய்ய வந்தவன். கிரானில் உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தான். கிழங்குக்கு அந்த வெயில் பிடிக்கவில்லை. பிறகு செட்டிபாளையத்தில் தென்னை வைத்துத் தப்பினான். நீலப்போடி குடியில் கண்ணாத்தை என்பவளைக் கட்டினான். அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் எலிசம்மை, இளையவள் மரியம்மை. மூத்தவளுக்குச் செட்டிபாளையத்து வீடும் வளவும், இளையவளுக்குக் கிரானில் நெல் விளையும் வட்டை நிலம். எலிசம்மையின் வழியில் தலைமுறைக்கு ஒரு பெண் மட்டுமே பிறந்து, யசோதினியில் வந்து நின்றது. இவ்வளவும் ஊரறிந்த கதை. பேத்திமார் சைவக்காரரைக் கட்டியதால் குடும்பம் கோயிலுக்குத் திரும்பியிருந்தது. மிச்சமிருந்தது யசோதினியின் பூனைக்கண் மட்டும்தான். அதையும் அவள் குடிப்பெருமையின் கணக்கில்தான் சேர்த்திருந்தாள்.

வில்லங்கம் மரியம்மையின் வழியில் வந்தது. கிரானில் விவசாயப் போதனாசிரியராக இருக்கும் நிலோஜனை நிருஷா விரும்பினாள். நல்ல பொடியன், நல்ல வேலை, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. ஆனால் அவனுடைய தாய் மரியம்மையின் வழி. ஆக அவனும் நீலப்போடி குடி. ஒரே குடியில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கலியாணம் கிடையாது.

"அவன் உனக்கு அண்ணன்," என்றாள் யசோதினி. "அண்ணனக் கட்டுற ஊர் எங்க இருக்கு எண்டு சொல்லு, நான் போய்ப் பாக்கன்."

"அவர நான் போன வருசந்தான் முதல் முதலாக் கண்டன்," என்றாள் நிருஷா. "ஒரு நாள் கூட எனக்கு அண்ணன் எண்டு தோணல்ல."

அதற்குப் பிறகு தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட யோகராசா மூலமாகக் கேட்டார்கள். ஒரு வாரம் தூது போய்க் களைத்த மனிதரிடம் மகள் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க முப்பது வருசம் கச்சேரியில மற்றாக்கள்ர காணிக்கு உறுதி தேடிக் குடுத்தீங்க. எனக்கு ஒண்டு தேடித் தர மாட்டீங்களா?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. யோகராசாவால் மனைவியின் கோபத்தைத் தாங்க முடியும், பழக்கம் உண்டு. மகளின் அந்தக் கண்ணைத்தான் தாங்க முடியவில்லை. அத்தோடு, கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தின் பதிவறையில் வயதைக் கழித்தவருக்குப் பழைய கடதாசி என்றதும் மூக்கு வியர்த்துவிடும். எந்தக் காணி உறுதிப் பத்திரத்திலும் எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும் என்பது அவர் அனுபவம். நிலோஜனின் பக்கத்தில் ஒரு ஓட்டை அகப்பட்டால் போதும். மரியம்மை கண்ணாத்தையின் மகளில்லை என்று ஒரு வரி கிடைத்தால் காரியம் முடிந்துவிடும்.

பெக்கர் வேதக்காரன் ஆனபடியால் கலியாணமும் ஞானஸ்நானமும் தேவாலயத்தில்தான் நடந்திருக்க வேண்டும். மின்சாரப் பட்டியலுக்குப் பணம் கட்டப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, யோகராசா புளியந்தீவுக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு பழைய மிஷன் தேவாலயத்தின் பதிவேடுகளுக்குச் சாவி வைத்திருந்தவர் லூசியா ரீச்சர். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஐரோப்பியக் கலப்பில் வந்த பறங்கிப் பெண்மணி. அலுமாரியைத் திறந்துவிட்டு, தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன தேடுறீங்க எண்டு சொன்னாத்தான் நான் போவன்," என்றார். சொன்ன பிறகும் போகவில்லை. இரண்டு கோப்பைத் தேநீரும் ஒரு தட்டு கேக்கும் வந்தன.

முதல் நாளே மரியம்மை கிடைத்துவிட்டாள். 1888ஆம் ஆண்டு, மரியா, தகப்பன் யோஹான் பெக்கர், தாய் சூசானா என்கிற கண்ணாத்தை. ஓட்டை கிடையாது, உறுதி கல்லுப்போல இருந்தது. யோகராசாவின் முகம் தொங்கிப் போயிற்று. வந்ததுக்கு எலிசம்மையையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று பக்கங்களைப் புரட்டினார். பத்து வருடத்துப் பதிவை முன்னும் பின்னும் பார்த்தும் எலிசம்மைக்கு ஞானஸ்நானம் இல்லை.

"பூச்சி அரிச்சிருக்கும்," என்றார் யோகராசா.

"என்ட அலுமாரியில பூச்சி இல்ல," என்றார் லூசியா ரீச்சர் மனம் நொந்து. "குடிசன மதிப்பப் பாப்பம்."

1891இல் குடிசன மதிப்பு எடுத்தபோது அந்தப் பக்கத்து வீடுகளை எண்ணப் போனவர் இதே தேவாலயத்தின் உபதேசியார். கவனமான மனிதர். மேலிடத்துக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, தன் சபையாரின் வீடுகளை மட்டும் தனக்கென்று பிரதி எழுதி வைத்திருந்தார். அதில் செட்டிபாளையத்து வீடு அழகான கையெழுத்தில் இருந்தது. யோஹான் பெக்கர், விவசாயி. மனைவி சூசானா, வயது இருபத்தொன்று. மகள் மரியா, வயது மூன்று. மகள் எலிசபெத், வயது பதினொன்று.

யோகராசா விரலை மடக்கிப் பார்த்தார். மறுபடியும் மடக்கினார்.

"பத்து வயசில புள்ள பெத்தாவா?" என்றார்.

"கண்ணாடியப் போட்டு அடுத்த கட்டத்தப் பாருங்க," என்றார் லூசியா ரீச்சர்.

அடுத்த கட்டம் பிறந்த இடம். சூசானாவுக்கும் மரியாவுக்கும் மட்டக்களப்பு. தகப்பனுக்கும் எலிசபெத்துக்கும் ஜேர்மனி.

அதற்குப் பிறகு இருவரும் கேக்கை மறந்தார்கள். கலியாணப் பதிவில் 1887இல் பெக்கரின் பெயருக்கு எதிரே 'தாரமிழந்தவர்' என்று இருந்தது. அதற்கு இரண்டு வருடம் முந்திய அடக்கப் பதிவில் ஒரு வரி. கத்தரீனா, யோஹான் பெக்கரின் மனைவி, வயது இருபத்தேழு, காய்ச்சல். அவள் பிறந்த கிராமத்தின் பெயரையும் பாதிரியார் எழுதியிருந்தார். யோகராசாவின் வாய்க்குள் அது நுழையவில்லை.

பெயரை நிலோஜனுக்கு அனுப்பினார். அவன் அந்தக் கிராமத்துத் தேவாலயத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டான். ஐந்தாம் நாள் பதில் வந்தது, பதிவேட்டின் படத்தோடு. 1880, எலிசபெத், தகப்பன் யோஹான், தாய் கத்தரீனா. ஓரத்தில் வேறு மையில் ஒரு குறிப்பு. 1884இல் குடும்பமாக இலங்கைக்குப் போனார்கள்.

எலிசம்மை கண்ணாத்தையின் மகளில்லை. தாயில்லாமல் நின்ற பிள்ளை, கண்ணாத்தையின் வீட்டில் வளர்ந்தது. கண்ணாத்தையின் வீட்டில் வளர்ந்த பெண் கண்ணாத்தையின் மகளாகத்தான் இருக்க முடியும் என்று ஊர் நினைத்தது. தாயை மட்டுமே எண்ணிப் பழகிய ஊருக்கு, ஒருவனுக்கு முன்னொரு மனைவி இருந்திருப்பாளா என்று கேட்கத் தோன்றவில்லை. ஆக, எலிசம்மையின் வழியில் வந்த நிருஷா நீலப்போடி குடியில்லை. கலியாணத்துக்குத் தடையும் இல்லை.

அந்தப் படத்தைப் பட்டினத்தில் அச்செடுத்துக்கொண்டு திரும்பிய யோகராசா அரை மணி நேரம் சந்தோஷத்தில் மிதந்தார். பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போதுதான் விஷயத்தின் மறுபக்கம் உறைத்தது. நிருஷா இல்லையென்றால் அவளைப் பெற்றவளும் இல்லை. பையனின் பக்கத்தில் ஓட்டை தேடப் போய், தன் வீட்டுக்காரியின் தலையிலிருந்த மடைப்பெட்டியிலேயே கை வைத்துவிட்டார்.

யசோதினி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி கையிலிருக்கும்போது சொல்லக்கூடிய செய்தி அல்ல இது. கத்தியைக் கழுவி வைக்கும்வரை காத்திருந்து, கடதாசிகளை ஒவ்வொன்றாக நீட்டினார். அவள் கையைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் வாசித்தாள்.

"ஆர் இந்தக் கத்தரீனா?"

"உன்ட அம்மம்மாட அம்மம்மா."

"கண்ணாத்தை?"

"வளத்தவ."

அவள் கடதாசியை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "ஓய்வூதியம் எடுத்தா மனிசர் தோட்டத்த கொத்துவாங்க, வலை பின்னுவாங்க. நீங்க என்ட குடிய உடைச்சுப் போட்டு வந்து நிக்கிறீங்க," என்றாள்.

இரண்டு நாள் அவருக்குச் சீனியில்லாத தேநீர் கிடைத்தது. ஒருமுறை அறைக்குள் எட்டிப் பார்த்தபோது அவள் கண்ணாடியின் முன்னால் நின்று தன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் தேநீரில் சீனி இருந்தது. அவளும் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இருபத்தேழு வயசு," என்றாள். "நம்மட நிருஷாட வயசு. பாஷை தெரியாத ஊர். அஞ்சு வயசுப் புள்ளைய விட்டுப்போட்டுச் செத்திருக்கா. கிழங்கு விளையாத இடத்துக்கு அவளக் கூட்டி வந்தானே, அவன் ஒரு மடையன்."

"ஓம்," என்றார் யோகராசா. இந்த நேரத்தில் எல்லா ஆண்களையும் விட்டுக்கொடுக்க அவர் தயாராக இருந்தார்.

"நூத்திநாப்பது வருசம் ஒருத்தர் கூட அவட பேரச் சொல்லல்ல. நானும் சொல்லல்ல. அவட கண்ண வெச்சிட்டுத்தான் எல்லாரையும் பாத்துத் திரிஞ்சிருக்கன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் கிரானுக்குப் போவம். அந்தக் கடதாசி எல்லாத்தையும் எடுங்க."

கிரானில் அவர்கள் போனது வண்ணக்கர் சாமித்தம்பியின் வீட்டுக்கு. கோயிலில் நீலப்போடி குடியின் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. அதைவிட முக்கியம், அவர் நிலோஜனின் தாய்மாமன். அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. நிலோஜனும் அவன் தாயும் ஒரு ஓரமாக நின்றார்கள். சாமித்தம்பி எல்லாக் கடதாசியையும் பார்த்தார். யோகராசா கச்சேரியில் செய்வதைப்போல வரி வரியாக விரல் வைத்து விளக்கினார். தன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான ஒரு கடதாசிக் கோவையை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

சாமித்தம்பி கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரி யோகராசா. ஆனா பெத்தவ மட்டுந்தான் தாயா? கண்ணாத்தை அந்தப் புள்ளைய வளத்தா. வீடும் வளவும் மகள் எண்டுதான் எழுதிக் குடுத்தா. அவ மகள் எண்டு சொன்னவள இல்லை எண்டு சொல்ல நான் ஆர்? எலிசம்மை எங்கட குடி. யசோதினி எங்கட குடி. உன்ன வெளியில தள்ள எனக்கு மனம் வராது தங்கச்சி."

அன்போடு சொன்ன பேச்சு, நியாயமான பேச்சும்கூட. யோகராசா கடதாசிகளை மறுபடி புரட்டினார். எந்தப் பதிவேட்டிலும் இதற்குப் பதில் கிடையாது. ஓரத்தில் நிலோஜனின் முகத்திலிருந்த சிரிப்பு வற்றிப்போயிருந்தது. யசோதினி இப்போது 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். குடியும் மடைப்பெட்டியும் அவளுக்கு, கலியாணம் யாருக்கும் இல்லை.

"நீங்க தள்ளத் தேவல்ல," என்றாள் யசோதினி. "நானாத்தான் எறங்குறன்."

"யோசிச்சுப் பேசு. சடங்கில முதல் பெட்டி உன்னுடையது."

"அத இவவுக்குக் குடுங்க." நிலோஜனின் தாயைக் காட்டினாள். "கண்ணாத்தைக்கு நான் செத்தாலும் நன்றி சொல்லுவன். அவவுக்குப் பேர் சொல்ல நீங்க ஐந்நூறு பேர் இருக்கிறீங்க. மற்றவவுக்கு ஒருத்தருமில்ல. நான் கத்தரீனா குடி."

சாமித்தம்பி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, மடக்கிவிடலாம் என்ற எண்ணத்தோடு, "அப்பிடி ஒரு குடி எங்க இருக்கு? எத்தின பேர் இருக்கிறீங்க?" என்று கேட்டார்.

"இப்ப ரெண்டு பேர், மச்சான்," என்றாள் யசோதினி.

யோகராசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமித்தம்பியை அவள் பிறந்த நாள் முதல் அண்ணன் என்றுதான் அழைத்திருக்கிறாள். ஒரே குடிக்காரனை மச்சான் என்று அழைக்க எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. வேறு குடிக்காரனை அண்ணன் என்று அழைக்கவும் தேவையில்லை. நிலோஜனின் தாய் வாயில் கை வைத்தாள்.

"உங்கட மருமகன எங்கட வீட்டுக்குத் தந்தீங்க எண்டா, அடுத்த வருசம் பேரப்புள்ளையோட மூண்டு பேராகும்," என்று அவள் சொல்லி முடித்தாள்.

முதலில் சிரித்தவர் சாமித்தம்பிதான். வயிறு குலுங்கச் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்தார். பிறகு தன் தங்கையை, நிலோஜனின் தாயைப் பார்த்தார்.

"என்ன பாத்து நிக்கிறாய் புள்ள? வெத்திலத் தட்ட எடுத்து வா. சம்மந்திக்காரி வந்திருக்கா."