புதுப்பட்டினத்தில் விழுந்த போர்ட்டோ நிழல்

மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாதக் கடைசியில், புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில், சொர்ணத்தின் கூடைக்குப் பக்கத்தில் ஒரு மாதாகோயில் கோபுரத்தின் நிழல் விழ ஆரம்பித்தது. கோபுரம் போர்ச்சுகல் நாட்டில், போர்ட்டோ என்ற ஊரில் இருந்தது. சொர்ணத்தின் மகள் பிரியங்கா பொத்தேரியில் கட்டிடக்கலை படித்தாள். பழைய கட்டிடங்களைப் பார்த்து வரைய காலேஜில் அந்த ஊருக்குத்தான் அனுப்பியிருந்தார்கள் என்பதால் யாருக்கும் இதில் பெரிய குழப்பம் வரவில்லை. அங்கே நடுப்பகல் என்றால் இங்கே சாயங்காலம். கல்பாக்கத்தில் வேலை விட்டு வருகிறவர்கள் மீன் வாங்கும் நேரம். மேற்கு வெயில் குடைக்கு அடியில் புகுந்து முகத்தில் அடிக்கும். மற்ற நிழலெல்லாம் கடல் பக்கம் நீண்டு கிடக்க, இது மட்டும் உச்சியில் சிலுவையோடு வடக்கே, ஐஸ் பெட்டிகள்மேல் படுத்துக்கொண்டது. பக்கத்து இறால் கடை தேசப்பன் தன் பலகையை அதற்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். அங்கே மழை பெய்த நாட்களில் நிழல் வராது, வியாபாரமும் கொஞ்சம் மந்தம்.

பிரியங்கா தினமும் போன் செய்தாள். நீல ஓடு பதித்த கோயில் சுவர்கள், ஆற்றில் சரிந்து விழப்போவதுபோல் நெருக்கியடித்து நிற்கும் வீடுகள் என்று படமாக அனுப்பினாள். படத்தில் ஆள் ஒருவரும் இருக்க மாட்டார். சாப்பாடு பிரமாதம், நெருப்பில் வாட்டிய மத்தி, இருபது பேர் ஒன்றாக உட்கார்ந்து சிரித்துச் சிரித்துத் தின்கிறோம் என்பாள். உப்புப் போட்டுக் காயவைத்த பெரிய மீனை ஊறவைத்துச் சமைக்கிறார்கள் என்றபோது, “அம்மாந்தூரம் போயி கருவாடா துன்ற?” என்று கேட்ட சொர்ணம், அதை மார்க்கெட் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

மாசியில் கோபுர நிழலின் அடியில், படியோரமாக, சின்னதாய் ஒரு நிழல் உட்கார்ந்திருப்பதைச் சொர்ணம் பார்த்தாள். பின்னலை முன்பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிற விதம் மகளுடையது. சுற்றி யாருமில்லை. மடியில் ஒரு பொட்டலம். கை பொட்டலத்துக்குப் போனது, வாய்க்குப் போகவில்லை. பிய்த்துப் பிய்த்துப் புறாக்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. புறாக்களின் நிழல்கள் ஐஸ்மேல் தத்த, மார்க்கெட் பூனைகள் மீனை விட்டுவிட்டு அவற்றின்மேல் பாய்ந்து மூக்கை இடித்துக்கொண்டன. அடுத்த வாரம் அந்தச் சின்ன நிழல் மெலிந்து, தோள்பட்டை வழியாகத் தரை தெரிந்தது. போனில் மட்டும் இருபது பேர் இருபத்தைந்து ஆகியிருந்தார்கள்.

மறுநாள் சொர்ணம் வீட்டிலிருந்து சோறும் நெத்திலிக் குழம்பும் கொண்டுவந்தாள். நிழலுக்குள் இருந்தால் தன் நிழல் விழாது என்பதால், கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போய், தன் நிழல் மகளின் நிழலோடு தோள் உரசுகிற இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

“இன்னா சொர்ணம், உன் பொண்ணு அனுப்சி வச்ச நெழலு. நீ போயி வெயில்ல வேவுற?” என்றார் தேசப்பன்.

“பொண்ணு தனியா குந்திகினு கீதுண்ணா” என்ற சொர்ணம், முதல் கவளத்தை நிழலில் தெரிகிற மாதிரி உயர்த்தி வாயில் போட்டாள். சின்ன நிழல் திரும்பியது. வெகுநேரம் அசையவில்லை. பிறகு அதன் கையும் வாய்க்குப் போனது. பூனைகள் ஏமாந்து மீனுக்குத் திரும்பின.

அன்று பிரியங்கா கட்டிடம் பற்றிப் பேசவில்லை. இருபத்தைந்து பேரைப் பற்றியும் பேசவில்லை. “எம்மா, நாளிக்கி கொஞ்சம் இந்தாண்ட தள்ளி குந்து. கூடை மறைக்குது” என்றாள்.

சித்திரையில் கன்னத்தில் கொஞ்சம் சதையோடு திரும்பி வந்தாள். படிப்பு முடிந்து பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். இனிமேல் நிழல் வராது என்று தேசப்பன் கவலைப்பட்டார். அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அதன் படியோரத்தில் வேறொரு நிழல் உட்கார்ந்திருந்தது. தலையில் தொப்பி, நீளக் கால்கள், மடியில் பொட்டலம், சுற்றிலும் புறாக்கள். சொர்ணம் சற்று நேரம் பார்த்தாள். “எந்த வூட்டுப் புள்ளயோ” என்று சொல்லிவிட்டு, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெயிலுக்கு நகர்ந்தாள். வஞ்சிரம் கேட்டு வந்தவர்கள் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நிழலில் காத்திருந்தார்கள்.