தண்ணீர் இறங்கும் சத்தம்

இருபத்தாறு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பணிமனையில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே கிடைக்கும் பத்து நிமிடத்தில் எதையாவது அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தே பழகியவள். அதனால் ரொட்டி நெஞ்சில் சிக்க ஆரம்பித்தபோது அவசரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டாள். மூன்று மாதத்தில் சூப்பும் நின்று நின்று இறங்கியது. உடுப்பெல்லாம் தொளதொளவென்று ஆனது. முடிவெட்டும் கடை வைத்திருக்கும் தம்பிதான், "டாக்டர்கிட்ட வரியா, இல்ல உன் பஸ் முன்னாடி வந்து படுக்கட்டுமா?" என்று மல்லுக்கு நின்று இழுத்துப் போனான்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். வேறெங்கும் பரவவில்லை. மருந்தேற்றிக் கட்டியைச் சுருக்கிய பிறகு குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டும். அப்புறம் சாப்பாடு எந்த வழியாகப் போகும் என்று தம்பி கேட்டான். இரைப்பையையே வெட்டித் தைத்து நீளமான குழாயாக்கி, நெஞ்சுக்குள் மேலே இழுத்து, மிச்சத்தோடு இணைப்போம் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார் டாக்டர். தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு அது மூளையில் ஏறவே இல்லை. வயிற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு யாராவது உயிரோடு இருப்பார்களா?

ஐந்தாம் நாள் அலமாரியைத் திறந்து, எந்தத் துணி யாருக்கு என்று பிரித்து வைக்கத் தொடங்கினாள். தம்பி அவற்றை மறுபடி உள்ளே அடுக்கினான். அவள் எடுக்க, அவன் வைக்க, ஒரு மணி நேரம் இதே கூத்து. கடைசியில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்கள்.

முதல் மருந்து ஏற்றப் போன அன்று, நர்ஸ் அவளைக் காத்திருப்போர் கூடத்தின் மூலையில் இருந்த ஒரு பெண்மணியிடம் அழைத்துப் போனாள். தபால்காரம்மா. வெயிலில் காய்ந்த முகம், தோளில் பை. ஏழு வருடத்துக்கு முன் இதே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், வருடாந்தரப் பரிசோதனைக்கு வந்திருந்தார். ஆப்பிளை மெல்லிசாக நறுக்கி, ஒவ்வொரு துண்டாக நிதானமாக மென்றுகொண்டிருந்தார்.

எல்லாமே சாப்பிடுவதாகச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு வேளை. சாப்பிட்ட கையோடு படுக்கக் கூடாது, படுத்தால் தலைப்பக்கம் உயரமாக இருக்க வேண்டும். தினமும் நடந்துதான் தபால் கொடுக்கிறாராம்.

பெரியக்காவின் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. தபால்காரம்மா முதுகைத் திருப்பி, தோள்பட்டை எலும்புக்குக் கீழே விரலால் காட்டினார். "இங்க காது வெச்சுக் கேளுங்க. நான் தண்ணி குடிக்கிறேன்."

எஞ்சினில் எங்கே கோளாறு என்று மெக்கானிக்குக்கு முன்பே சொல்லிவிடும் காது அவளுடையது. கூச்சத்தோடு வைத்தாள். மூச்சு கேட்டது. அதன் பின்னால் இதயம். பிறகு, வயிறு இருக்கக் கூடாத அந்த உயரத்தில், களகளவென்று ஒரு சத்தம். வயிறு பேசுகிற அதே சத்தம். தண்ணீர் எங்கும் நிற்காமல் இறங்கிப் போனது.

"இன்னொரு வாய் குடிங்க" என்றாள். அப்புறம் இன்னொன்று. கூடமே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த உடம்புக்குள்ளேயே இருந்த ஒரு பை, இடம் மாறி, வேலை மாறி, ஏழு வருடமாக ஒருத்தியை வாழ வைத்துக்கொண்டிருக்கிறது.

"பாட்டில் பூராவும் குடிக்க வெச்சிடாதீங்கம்மா, வழியெல்லாம் பாத்ரூம் தேடணும்" என்றார் தபால்காரம்மா. பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, "உங்களுக்கும் இப்படியே ஆகும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இப்படியும் ஆகுது, பாத்துக்குங்க."

அன்று மாலை டாக்டர் போட்ட படத்தைத் தம்பியிடம் கேட்டு வாங்கி, விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடி கொட்டத் தொடங்கியதும் தம்பியே மொட்டை அடித்துவிட்டான், உனக்கு இவ்வளவு அழகான மண்டை இருக்கும் என்று தெரியாமல் போயிற்றே என்று கிண்டலடித்தபடி. மூன்றாவது தடவை மருந்தேற்றிய பிறகு சூப் தடையில்லாமல் இறங்கியது. அறுவை சிகிச்சை ஒன்பது மணி நேரம் நடந்தது. முதல் நாட்களில் இருமினால் உயிர் போய் உயிர் வந்தது. ஏழாம் நாள், தையலில் கசிவு இல்லை என்று படமெடுத்துப் பார்த்துவிட்டு, நர்ஸ் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாள். பெரியக்கா அதை விழுங்கிவிட்டு, கோவிலில் நிற்பவளைப் போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்து மாதம் கழித்து மறுபடி பேருந்து ஓட்டினாள். பரிசோதனை நெருங்கினால் இப்போதும் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். உத்தரவாதம் எதுவும் டாக்டர் தரவில்லை. இதுவரை எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மதிய இடைவேளையில் தம்பி கடைக்குப் போய், ஓரமாக உட்கார்ந்து ஒரு வேகவைத்த முட்டையை இருபது நிமிடம் சாப்பிடுவாள். ஒருநாள் கத்தரிக்கோல் சத்தம் நின்றுபோனதைக் கவனித்து, நாற்காலியில் இருந்தவர் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றான் தம்பி. "எங்க அக்கா சாப்பிடுறா."