ஹார்ன் அடிக்கும் நாய்

எங்கள் வீட்டு நாய்க்கு ஹார்ன் என்று பெயர் வைத்தது நான்தான். பஸ் டிரைவர் வேறு என்ன பெயர் வைப்பான்? இரண்டு கைக்குள் அடங்கும் பொமரேனியன். கழுத்துப் பட்டையைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் போதும், 'பாங்க்' என்று பழைய பஸ் ஹார்ன் மாதிரியே சத்தம் போடும். யார் வீட்டுக்கு வந்தாலும் காபி வருவதற்குள் இந்த வித்தையைக் காட்டிவிடுவேன். மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். "மாமா, இன்னொரு வாட்டி!" என்பான். நானும் சளைக்காமல் இழுப்பேன். மனைவி மட்டும், "பாவங்க அது, விடுங்க" என்பாள். அவளுக்குத் தமாஷே தெரியாது என்று வந்தவர்கள் காதுபடவே சொல்வேன்.

போன வாரம் நான் இழுக்காமலே ஹார்ன் அடித்தது. படி ஏறினால் அடித்தது, தண்ணீர் குடித்தால் அடித்தது. இன்று காலை நாக்கு நீலம் பாரித்துச் சாய்ந்துவிட்டது. டூட்டிக்கு லீவு சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கால்நடை டாக்டர் என் மகள் வயதுப் பெண். ஆக்ஸிஜன் வைத்து மூச்சு கொஞ்சம் சீரானதும் எக்ஸ்ரே எடுத்தார். அதற்காகக் கழற்றிய பட்டையை நான் பழக்கதோஷத்தில் மறுபடி மாட்டிவிட்டேன்.

"இதுதான் மூச்சுக்குழாய். உருண்டையா இருக்கணும், இங்க பாருங்க, நசுங்கியிருக்கு. இந்தச் சின்ன ஜாதி நாய்ங்க சிலதுக்குப் பிறவியிலயே இது பலவீனம். கழுத்துல இழுபட்டா இன்னும் மோசமாகும். யாராவது பட்டையைப் பிடிச்சு இழுப்பீங்களா?"

"சேச்சே, இல்லம்மா. குழந்தை மாதிரி பார்த்துக்கறோம்."

எப்படித்தான் வாய் வந்ததோ. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் யோசித்தார். "இழுபடாமலே இவ்வளவுன்னா வேற ஏதோ காரணம் இருக்கணும். மயக்கம் குடுத்து, கேமரா வெச்ச குழாய் விட்டுப் பார்க்கணும். ஆனா இந்த மூச்சோட மயக்கத்துலேர்ந்து எழுந்துக்குமான்னு உறுதியா சொல்ல முடியாது, சார். கையெழுத்துப் போட்டாத்தான் செய்ய முடியும்."

படிவத்தை நீட்டினார். என் மானத்தைக் காப்பாற்ற நாய் உயிரை விட வேண்டும். அது தெரிந்தும் பேனாவை வாங்கினேன். கையெழுத்தில் முதல் எழுத்தைப் போட்டும் விட்டேன். மனைவி வாயைத் திறக்கப் போனாள். அவள் சொல்லிவிடுவாளே என்றுதான் முந்திக்கொண்டேன். அதில் ஒரு பெருமையும் இல்லை.

"நான்தான் இழுப்பேன், டாக்டர். வர்றவங்களுக்குச் சிரிப்புக் காட்ட."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா."

அவர் திட்டவில்லை. படிவத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். "அப்ப மயக்கம் இப்ப வேண்டாம். மருந்து குடுத்துப் பார்க்கலாம். இனிமே கழுத்துல எதுவும் கட்டாதீங்க, மாரைச் சுத்தி மாட்டற வார் வாங்குங்க. முதல்ல அந்தப் பட்டையைக் கழட்டுங்க."

காது மடல் வரை எரிந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினேன். மேஜையில் படுத்திருந்த நாய் என் கையைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, நான் இழுப்பதற்கு வாகாகக் கழுத்தை நீட்டியது.