மாயிஸ் போட்ட சூடு

என் தம்பி வெண்டெலுக்குச் சமவெளி ஊரான தார்லாக்கில் வேலை போயிற்று, நிச்சயமான கல்யாணமும் நின்றுபோயிற்று. மலையேறி என் வீட்டுக்கு வந்தவனிடம் மிச்சமிருந்தது ஒரு துணிப் பையும், சாக்கில் கட்டிய ஒரு மலைப்பாம்பும்தான். நான் மலையூரான பாகியோவின் சந்தையில் பழைய துணிக்கடை வைத்திருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் கோட்டுகளை எல்லாம் உதறிப் பார்த்தவள். எதைக் கண்டும் அசைய மாட்டேன். அந்தச் சாக்கு தானாக நெளிந்ததும் வாசற்கதவை அவன் முகத்திலேயே சாத்தினேன்.

"மனாங், என் அக்கா இல்ல, கதவத் திற. இவ யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டா."

"நீயும் அப்படித்தான் சொல்லிட்டு வருவே. வந்த மறுநாளே என் சோத்துப் பானை காலியாயிடும்."

திறக்காமல் என்ன செய்வது? கூடப் பிறந்து தொலைத்துவிட்டானே. வேகவைத்த சோளக்கதிர்போல மஞ்சளும் வெள்ளையுமாக இருந்ததால் அதற்கு மாயிஸ், அதாவது சோளம், என்று பேர் வைத்திருந்தான். முழு நீளத்துக்கு நீட்டினால் சமையலறைக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வரும். போதாக்குறைக்கு வயிற்றில் முட்டை வேறு.

"இந்தக் குளிர் இவளுக்கு ஆகாது," என்றான் வெண்டெல். என் பழைய துணி அலமாரியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கப்போட்டான். சந்தையில் மீன் வரும் தெர்மகோல் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, பலகைக்கு உள்ளே நாலு பக்கமும் அறுத்து ஒட்டினான். முன்னால் நகர்த்தித் திறக்கிற கண்ணாடி. மேலே ஒரு ஓரத்தில், வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் பல்ப். அவள் உடம்பு அதில் பட்டு வெந்துவிடக் கூடாது என்று பல்பைச் சுற்றிக் கம்பிக்கூண்டு.

"இந்தப் பக்கம் சூடு. அந்தப் பக்கம் குளிர்ச்சி. எது வேணுமோ அங்க போய்ப் படுத்துக்குவா."

"எனக்கு ஒரு நாளாவது இப்படிப் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கியாடா?"

பல்பை அணைத்து அணைத்துப் போட, சூட்டை நம்பரில் காட்டும் ஒரு தெர்மோஸ்டாட். அதிலிருந்து போன சென்சார் வயரின் முனையை, சூட்டுப் பக்கத்து மூலையில் அவள் சுருண்டு படுக்கிற இடத்தில் தரையோடு ஒட்டினான். முப்பத்தொரு டிகிரிக்குக் கீழே போனால் பல்ப் எரியும். எட்டினால் அணையும். அவன் வேலையில் குறை சொல்ல எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

பிப்ரவரியில், அவன் கணக்குப் போட்டதற்கு முன்பாகவே மாயிஸ் முட்டையிட்டாள். வெள்ளை வெளேரென்று ஒரு குவியல். அதைச் சுற்றி வளைத்து, மேலே மூடி, உச்சியில் தலையை வைத்துக்கொண்டாள். பாம்பு வளர்ப்பவர்கள் முட்டையைத் தாயிடம் விட்டுவைப்பதில்லை. எடுத்து, அடைகாக்கும் பெட்டியில் வைத்துவிடுவார்கள். அந்தப் பெட்டி தார்லாக்கில் சிநேகிதன் வீட்டில் இருந்தது. எடுத்துவர விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினான்.

"முட்டை ஒருதடவை ஜில்லுனு ஆயிட்டா எல்லாம் செத்துரும் மனாங். அந்த நம்பரை மட்டும் பார்த்துக்கோ. எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான்," என்றான். அவன் சொன்ன விதத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பாம்புக் கூட்டின் முன் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. நம்பர் முப்பத்தொன்று. நல்லது. ஆனால் மாயிஸ் துடித்துக்கொண்டிருந்தாள். முதலில் என் கண்தான் சரியில்லை என்று நினைத்தேன். இல்லை. அவள் உடம்பு முழுவதும் விட்டு விட்டு வெட்டியது. விக்கல் எடுத்தவள் மாதிரி, ஆனால் நிற்காமல். கண்ணாடியில் கை வைத்தேன், சில்லென்றிருந்தது. அதைக் கொஞ்சமாக நகர்த்தி, எட்டிப் பல்பின் கூண்டைத் தொட்டேன், அதுவும் பச்சைத்தண்ணீராக இருந்தது. நம்பர் மட்டும் முப்பத்தொன்றிலேயே நின்றது.

போன் போட்டேன்.

"டேய், உன் மிஷின் பொய் சொல்லுது! பல்ப் செத்துப்போச்சு. இவளுக்கு இழுப்பு வந்திருக்குடா!"

"இழுப்பா? வாயத் திறக்கறாளா? மனாங், கைய மட்டும் உள்ள விட்டுராத, முட்டை மேல இருக்கறப்ப கடிச்சிருவா..." அதற்குள் மலைப்பாதை வளைவில் லைன் அறுந்துபோயிற்று. மறுபடி மறுபடி போட்டேன். கிடைக்கவில்லை. மலர்த் திருவிழாக் கூட்டத்தில் ரோடெல்லாம் அடைத்துக் கிடக்கும் வாரம் அது. அவன் எப்போது திரும்புவானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இவள் என் கண்ணெதிரே சாகப்போகிறாள், அவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்தச் சென்சார்தான் கெட்டிருக்கிறது, அதை வெளியே இழுத்துப் பார்ப்போம் என்று துணிந்தேன். துணிந்தேன் என்று சொல்வதெல்லாம் சும்மா. பல் இறங்காத அளவுக்குத் தடித்த, கடையிலிருந்து கொண்டுவந்த பனிச்சறுக்குக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை முழுசாக நகர்த்தினேன். மாயிஸ் தலையைத் தூக்கிச் சீறினாள்.

"தாயே, உன் முட்டை எனக்கு வேண்டாம். வயரை மட்டும் எடுத்துக்கறேன்."

வயர் அவள் சுருளுக்கு அடியில் போயிருந்தது. முனை முட்டைகளோடு முட்டையாகக் கிடக்கிறது போலும். மெதுவாக இழுத்தேன். அப்போது என் விரல்கள் அவள்மேல் பட்டன.

சூடு.

கையை உதறிக்கொண்டு மறுபடி வைத்தேன். சூடாகத்தான் இருந்தாள். பாம்புக்கு ஏது சூடு? குளிர்ந்த ரத்தம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்? அவள் கடிக்கவில்லை. என் உள்ளங்கைக்குக் கீழே ஒவ்வொரு துடிப்பும் வந்து போயிற்று.

வயர் வெளியே வந்தது. கூட்டின் நடுவில் தொங்கவிட்டேன். நம்பர் இறங்க ஆரம்பித்தது. முப்பது. இருபத்தெட்டு. இருபத்தாறு. இருபத்துநாலில் நின்றது. நடுவிலேயே கிளிக் என்று சத்தம் வந்து, செத்துப்போன பல்ப் உயிரோடு எழுந்து சூட்டை இறைத்தது.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பல்ப் கெடவில்லை. மிஷின் பொய் சொல்லவில்லை. கூட்டுக்குள் காற்று இருபத்துநாலு, அவளுக்கு அடியில் முப்பத்தொன்று. நடுவில் இருந்த ஏழு டிகிரியும் அவள் போட்டது. உடம்பைத் துடிக்கவிட்டுத் துடிக்கவிட்டு, தீயில்லாமல் விறகில்லாமல் அவளே போட்ட சூடு. அவளுக்கு அடியில் கிடந்த சென்சார் அந்தச் சூட்டைப் பார்த்து, இங்கே நமக்கு வேலையில்லை என்று பல்பை அணைத்துவிட்டது. அவள் பாடுபடப் பாடுபட, நாங்கள் அவளுக்குச் செய்த ஒரே உதவியும் நின்றுபோனது. தார்லாக் வெயிலில் அவளுக்கு ஹீட்டரே கிடையாது. கூடு அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று பார்க்க அங்கே படுக்கைக்கு அடியில் தெர்மாமீட்டர் போட்டு வைப்பான். அந்தக் கைப்பழக்கம்தான் இங்கேயும்.

சென்சாரைக் கூட்டின் உள்சுவரில், அவளுக்கு எட்டாத உயரத்தில் டேப் போட்டு ஒட்டினேன். பிறகு பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டுக்குள் வெதுவெதுப்பு ஏற ஏற, துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. பிறகு நின்றேவிட்டது. அம்மாடி, அந்த உடம்பு தளர்ந்து இறங்கியதை நான் எப்படிச் சொல்வேன்! கோயிலில்கூட எனக்கு அப்படிக் கும்பிடத் தோன்றியதில்லை.

சாயங்காலம் வெண்டெல் பெட்டியோடு ஓடிவந்தான். அவளைப் பார்த்து மூச்சு விட்டான். நடந்ததையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டும் கேட்காமலும், "சரி, சரி, கையக் கழுவிட்டு வர்றேன். முட்டைய எடுத்துரலாம்," என்றான்.

"எடு பார்ப்போம்."

"விளையாடாத மனாங். முட்டை மேல இருந்தா ரெண்டு மாசம் இவ ஒண்ணும் திங்க மாட்டா. எலும்பாயிடுவா."

"நடுங்கினாத்தான் எலும்பாவா. இனிமே எதுக்கு நடுங்கறா? ஹீட்டர் இருக்கு, நான் இருக்கேன். பாடுபட்டவகிட்டேருந்து பிடுங்கறதுக்கு வந்துட்டான் பெரிய மனுஷன்!"

அவன் சுவரில் இருந்த சென்சாரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ஒன்பது வருசமா என்கூட இருக்கா," என்றான். "இவளால இது முடியும்னு எனக்குத் தெரியவே தெரியாதே." அடைகாக்கும் பெட்டி ஒரு மூலைக்குப் போயிற்று.

கடுங்குளிர் இறங்கிய சில நாட்களில் அவள் மறுபடி லேசாகத் துடித்தாள். அப்போதெல்லாம் நான் கூட்டின்மேல் ஒரு கம்பளிக் கோட்டைப் போர்த்துவேன். மெலிந்தாள், ஆனால் எலும்பாகவில்லை. ஏப்ரலில் ஒரு முட்டை கிழிந்து, சின்ன மூக்கு ஒன்று வெளியே வந்தது. அதன்பிறகு இன்னொன்று, இன்னொன்று.

எல்லாம் வெளியே வந்தபின் மாயிஸ் சுருளை அவிழ்த்தாள். இரண்டு மாதத்தில் முதல்தடவையாகச் சூட்டுப் பக்கத்தை விட்டு நகர்ந்தாள். தண்ணீர்த் தொட்டியில் வெகுநேரம் குடித்துவிட்டு, குளிர்ந்த பக்கம் போய் நீட்டிப் படுத்தாள். நான் கோட்டுகூடப் போடாமல் உள்ளே கைவிட்டு அவள் முதுகைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. "கொடுத்துட்டியா, அந்தச் சூடெல்லாத்தையும் அதுங்களுக்கே கொடுத்துட்டியாடி," என்று அழுதேன்.