சுருங்கிய கோட்டும் கத்திய பம்பும்

என் வெள்ளைக் கோட்டின் கை, மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலேயே நின்றுவிடும். தைத்தவர் எங்கள் ஆஸ்பத்திரித் தையல்காரர். "துணி சுருங்கிடுச்சும்மா, நான் என்ன பண்றது?" என்று இரண்டு வருடமாகச் சாதித்தார் மனுஷன். அவர்தான் அன்று நெஞ்சு திறந்தபடி மேசையில் கிடந்தார். மயக்க மருந்து டாக்டர் நான்.

இதய ஆபரேஷனில் உறைந்த ரத்தம் மறுபடி கரைந்துவிடாமல் காக்க ஒரு மருந்து உண்டு. சின்ன பம்ப் ஒன்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். அதற்குக் காவல் நான்.

சர்ஜனுக்கோ சத்தமே ஆகாது. எது பீப் அடித்தாலும், "அத வாய மூடச் சொல்லுங்க!" என்பார். எட்டு வருடப் பழக்கத்தில் என் இடக்கை தானாகவே போய்ச் சத்தத்தை நிறுத்தும் பட்டனை அமுக்கிவிடும். அன்றும் அமுக்கியது.

வால்வு மாற்றியாயிற்று. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. துடைக்கத் துடைக்கக் கசிந்தது.

"என் தையல்தான் எங்கயோ விட்டிருக்கு," என்றார் சர்ஜன். "இதயத்த நிறுத்தி, மறுபடி மெஷின்ல போட்டுத் தையலப் பிரிச்சிடலாம்."

இன்னொரு முறை அந்த இதயம் தாங்குமா? பம்பைப் பார்த்தேன். குழாயின் கிளிப் மூடியிருந்தது. ஒரு மணி நேரமாக மருந்து உள்ளே போகவேயில்லை. அதைத்தான் பாவம், அது கத்திச் சொல்லியிருக்கிறது.

கிளிப்பைத் திறந்துவிட்டுக் கமுக்கமாக இருந்திருக்கலாம். அதற்குள் அவர் பிரித்துவிடுவாரே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சார், பிரிக்காதீங்க. உங்க தையல் மேல தப்பில்ல. மருந்து போகல. நான்தான் கவனிக்கல."

எரித்துவிடுவதைப் போல் பார்த்தார். "ஓட விடுங்க," என்று மட்டும் சொல்லி, துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் கிளிப்பைத் திறந்தேன்; இருபது நிமிடம் மருந்து ஓடியது. பிறகு எடுத்த துணியில் சிவப்பு பேருக்குத்தான் இருந்தது.

மறுநாள் வேறொரு ஆபரேஷனில் பம்ப் பீப் அடித்தது. "என்னமோ சொல்லுது, கேளுங்க," என்றார் சர்ஜன்.

நான்காம் நாள் தையல்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கோட்டுக் கையை எட்டித் தொட்டார்.

"அந்தக் கோட்டு இருக்கே..." என்றார் மெதுவாக. "துணி சுருங்கலம்மா. நான்தான் அளவ மாத்தி வெட்டிட்டேன்."